பசங்ககூட போய் நில்லு

அன்று ஹார்டேக்கர் வீட்டு மாடிக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கறிக்கடைக்காரர் எர்னஸ்ட் ஹார்டேக்கர்; அவருடைய அக்கா ஒலிவ்; மகள் பிரையனி; பிரையனியின் மூன்று வயது மகன் ஏமஸ்; நர்சரிப் பள்ளித் தலைமையாசிரியை திருமதி ஓல்ராய்ட்; அவளோடு வந்த இளம் ஆசிரியை கெல்சி மட். பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்ததுபோலப் பேசினார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அது. புதிதாகச் சேரும் பிள்ளையை அதன் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவது அந்த நர்சரியின் வழக்கம். எல்லா வீட்டுக்கும்தான் போனார்கள். ஆனாலும் எர்னஸ்ட் அதைச் சோதனை என்றே எடுத்துக்கொண்டார். ஹார்டேக்கர் வீட்டுக்குள் வந்து எதையும் சோதித்தவர் சுகாதார அதிகாரி ஒருவர்தான். அவரும் குறை சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல்தான் ஒவ்வொரு முறையும் திரும்பியிருக்கிறார். எர்னஸ்ட் டை கட்டிக்கொண்டு, கணப்புக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நின்றார். கடைசி வரை உட்காரவில்லை.

கெல்சி காலணியைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வந்து, நேராகக் கம்பளத்தில் ஏமஸுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவளுடைய அம்மா ஒரு காலத்தில் கீழே கடைத் தரையைத் துடைத்தவள். வந்த இடத்தில் தரையில் உட்காருவது அந்த வம்சத்துக்கே பழக்கமாகிவிட்டது போலும் என்று எர்னஸ்ட் நினைத்துக்கொண்டார்.

"மேல உக்காரு கண்ணு, நாற்காலி கடிக்காது" என்றாள் ஒலிவ்.

"இவனைப் பாக்கத்தானே வந்தேன்? இவன் கீழ இருக்கான்" என்றாள் கெல்சி. பையிலிருந்து மரக்கட்டைகளை எடுத்துப் பரப்பினாள். ஏமஸ் கட்டையைத் தொடுவதற்கு முன் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். அவர் லேசாகத் தலையசைத்த பிறகே எடுத்தான். எர்னஸ்ட்டுக்கு அது பிடித்திருந்தது. வளர்ப்பு என்றால் இது.

திருமதி ஓல்ராய்ட் ஹாம் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டே விவரம் சொன்னாள். "முதல் சில நாள் நீ கூடவே இருக்கலாம், பிரையனி. அப்புறம் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரணும், கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டணும். போறப்ப அவன்கிட்ட சொல்லிட்டுப் போ. அவன் அந்தப் பக்கம் திரும்பினப்ப நழுவிப் போனியோ, மறுநாள் உன் காலை விடமாட்டான்."

"அழுவானா?"

"அழலாம். பள்ளிக்கூடத்துல சமத்தா இருந்துட்டு வீட்டுக்கு வந்து கத்தித் தீர்க்கலாம். விட்டுப்போன பழக்கமெல்லாம் திரும்பி வரும், ஜட்டியிலயே போவான். கிறிஸ்துமஸ் வரைக்கும் மூக்கு ஒழுகும். என்னடா பண்ணேன்னு கேட்டா 'ஒண்ணும் இல்ல'ம்பான். இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. பயப்படாதே."

"எங்க எர்னஸ்ட்டும் அப்படித்தான்" என்றாள் ஒலிவ். "அறுபத்தெட்டு வருஷமா 'ஒண்ணும் இல்ல'தான். மூக்கு மட்டும் ஒழுகறதில்ல."

கெல்சி சிரித்துவிட்டாள். எர்னஸ்ட் சிரிக்கவில்லை.

"அவன் மனசு கலங்கினா எதைக் கொடுத்தா தேறுவான்? போர்வை, பொம்மை, பாட்டு, ஏதாவது?" என்று திருமதி ஓல்ராய்ட் கேட்டாள்.

பிரையனி வாயைத் திறந்தாள். எர்னஸ்ட் முந்திக்கொண்டார். "ஹார்டேக்கர் வீட்டுப் பிள்ளைங்க கலங்கறதில்ல."

"சரிங்க மிஸ்டர் ஹார்டேக்கர். வீட்டுக்குள்ள மட்டும் புழங்கற சொல் ஏதாவது இருக்கா? போன வருஷம் ஒரு பொண்ணு 'டக்ளஸ் வேணும், டக்ளஸ் வேணும்'னு அழுதா. அப்பாவோ, அண்ணனோ, நாய்க்குட்டியோன்னு தேடினோம். கடைசியில பாத்தா, டக்ளஸ்ங்கறது அவ பால் குடிக்கிற கப்பு."

"இந்த வீட்டுல அப்படி எதுவும் கிடையாது. கப்புக்குக் கப்புன்னுதான் பேரு" என்றார் எர்னஸ்ட்.

ஒலிவ் தன் கோப்பைக்குள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழே குளிரறையின் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கம்பளத்தில் ஏமஸின் கை, கட்டையோடு அப்படியே நின்றது. மோட்டார் சீரான பிறகுதான் கட்டை கீழே இறங்கியது. எர்னஸ்ட் அதைப் பார்த்தார். கெல்சியும் பார்த்தாள் என்பதையும் பார்த்தார்.

அவர் சொன்னது உண்மையில்லை. அந்த வீட்டில் ஒரு சொல் இருந்தது.

கடையின் பின்பக்கம் குளிரறை. தோலுரித்த ஆடுகளும் பாதியாய்ப் பிளந்த பன்றிகளும் அங்கே கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு 'பசங்க' என்று பெயர் வைத்தவர் எர்னஸ்ட்டின் பாட்டனார். அறுப்புக்கூடத்து லாரி வந்து நின்றால் "பசங்க வந்தாச்சு" என்பார்கள். ஹார்டேக்கர் வீட்டில் ஒரு பிள்ளை அடம் பிடித்து அழுதால் அதற்குக் கிடைப்பது அடி அல்ல. அந்தக் குடும்பத்தில் யாரும் பிள்ளையை அடித்ததில்லை, அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. "பசங்ககூட போய் நில்லு" என்று சொல்லி உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். கதவைச் சாத்தினால் விளக்கும் அணைந்துவிடும். பிள்ளை வெளியே வரும்போது சத்தம் இருக்காது. எர்னஸ்ட் நின்றிருக்கிறார். அவருடைய அப்பா நின்றிருக்கிறார். பிரையனியும் நின்றிருக்கிறாள்.

பிரையனி லீட்ஸில் கல்யாணம் முறிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த நாளில், கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி அடியில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, இவனுக்குப் பசங்க வேண்டாம். அது மட்டும் வேண்டாம். அதுக்குச் சரின்னா இங்க இருக்கேன்."

"சரி" என்றார் எர்னஸ்ட்.

வாக்குத் தவறாதவர் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பெயரெடுத்தவர். அந்த வார்த்தையையும் ஒரு குளிர்காலம் முழுவதும் காப்பாற்றினார். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். பிரையனி கால்நடை மருத்துவமனைக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஏமஸ் எதற்கோ தரையில் விழுந்து புரண்டு கத்தினான். தேவாலயப் பாதிரியாரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எர்னஸ்ட் அவனைக் கையைப் பிடித்து எழுப்பினார், பின்பக்கம் கூட்டிப் போனார், அந்தச் சொற்களைச் சொன்னார். திரும்பி வந்து பாதிரியார் மனைவிக்குச் சாசேஜ் நிறுத்துக் கொடுத்தார். பிறகு போய்க் கதவைத் திறந்தார். பையன் அமைதியாக வந்தான். எத்தனை சுலபம்! அதன் பிறகு பலமுறை அந்தச் சுலபம் தேவைப்பட்டது.

ஒலிவ்வுக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? பிரையனிக்குத் தெரியாது. தெரிந்தால் போய்விடுவாள் என்பது எர்னஸ்ட்டுக்குத் தெரியும். அவள் போனால் பையனும் போவான். கடைப் பலகையில் 'ஹார்டேக்கர் அண்ட் சன்' என்று தங்க எழுத்து இருக்கிறது. அந்த 'சன்' ஒரு காலத்தில் எர்னஸ்ட். அவருக்கு மகன் இல்லை. லீட்ஸ்காரன் ஓடிப்போனதில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், பிரையனி பிள்ளைக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்துவிட்டாள் என்பதுதான். ஏமஸ் ஹார்டேக்கர். பலகையை மாற்றி எழுத வேண்டியதில்லை.

செப்டம்பரில் நர்சரி திறந்தது. செவ்வாயும் வியாழனும் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் எர்னஸ்ட்டின் வேலை. வாசலில் ஒரே கூக்குரல். ஒரு பெண் குழந்தை தன் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கோட்டு சூட்டுப் போட்ட ஒரு தகப்பன் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான். அவற்றின் நடுவில் ஏமஸ் தன் கோட்டைக் கழற்றி, குடைப் படம் ஒட்டிய கொக்கியில் தானே மாட்டிவிட்டு நின்றான். எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம், இவனுக்குக் குடை. ஒரு துளிக் கண்ணீர் இல்லை.

எர்னஸ்ட் அதைக் கடையில் சொல்லாமல் சொன்னார். "உங்க பேத்தி இன்னும் அழறாளா? ம். எங்க பையன் தூண் மாதிரி நிக்கறான்."

ஊரே மிஸ்டர் ஹார்டேக்கர் என்று கூப்பிடும் மனிதரை அங்கே மட்டும் "ஏமஸ் தாத்தா" என்று கூப்பிட்டார்கள். அது ஒன்றுதான் அவருக்கு நெருடியது.

"ஏமஸ் தாத்தா, இன்னைக்கும் அவன் அழல" என்றாள் கெல்சி ஒரு நாள், வாசலில் முட்டிபோட்டு ஏமஸின் பூட்ஸை மாட்டிக்கொண்டே.

"அழமாட்டான்னு அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. ஒருதடவை அழுதுட்டான்னா எங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தபடி எர்னஸ்ட் பையனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். "என்னடா பண்ணே இன்னைக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றான் ஏமஸ். திருமதி ஓல்ராய்ட் சொன்னபடியே சொன்னான். எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான்.

அக்டோபர் விடுமுறை முடிந்த வாரத்தில் நர்சரியிலிருந்து பிரையனிக்கு அழைப்பு வந்தது. ஒரு சின்ன விஷயம், வந்துவிட்டுப் போக முடியுமா என்று. எர்னஸ்ட் தானும் வருவதாகச் சொன்னார்.

"எதுக்குப்பா? அம்மாவைத்தானே கூப்பிட்டாங்க?"

"நம்ம வீட்டுப் பையனைப் பத்திப் பேசறாங்க. நான் பேசிக்கறேன். நீ கேட்டுக்கோ."

பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த நேரம் அது. வகுப்பறையில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். பெரியவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. எர்னஸ்ட் நிற்கப் பார்த்தார். மூன்று பெண்களும் உட்கார்ந்துவிட்டதால் அவரும் உட்கார வேண்டியதாயிற்று. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏமஸுக்குப் பையன்கள்னா பயமா?" என்று திருமதி ஓல்ராய்ட் கேட்டாள். "பெரியப்பா பசங்க, பக்கத்து வீட்டுப் பசங்க, யாராவது அவனை மிரட்டினதுண்டா?"

"அவனுக்கு யார்கிட்டயும் பயம் கிடையாது" என்றார் எர்னஸ்ட்.

"கெல்சி, நடந்ததை நீயே சொல்லு."

கெல்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தோட்டத்துக்குப் போறதுக்கு வரிசையில நிக்கவெச்சிட்டு இருந்தேன். பையன்கள் ஒரு கும்பலா கதவுகிட்ட நின்னாங்க. இவன் மட்டும் தனியா இருந்தான். சரின்னு, 'ஏமஸ், நீ பசங்ககூட போய் நில்லு'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தப்பா எதுவும் சொல்லல."

எர்னஸ்ட்டின் கையில் தொப்பியின் விளிம்பு மடிந்தது.

"நின்ன இடத்துலயே நனைச்சுக்கிட்டான். அழல. சத்தமே இல்ல. போய் சுவரைப் பாத்து நின்னான். கையை இப்படி வெச்சுக்கிட்டான்." கெல்சி தன் இரண்டு கைகளையும் குறுக்காகக் கொண்டுபோய் அக்குளுக்குள் செருகிக்காட்டினாள். தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். "கூப்பிட்டா திரும்பல. தொட்டா திரும்பல. ரொம்ப நேரம் கழிச்சு, 'கதவைத் திறக்கலாமா தாத்தா'ன்னு கேட்டான். கதவு திறந்துதான் இருந்துச்சு."

எர்னஸ்ட் அப்போது பேசியிருக்கலாம். ஏதாவது சொல்லியிருக்கலாம், லீட்ஸில் ஒரு முரட்டுப் பையன் இருந்தான் என்றோ, கனவு கண்டிருப்பான் என்றோ. சொல்வதற்கு வாயும் எடுத்தார். பக்கத்தில் பிரையனியைப் பார்த்தவுடன் வாய் நின்றுவிட்டது. அவளுடைய கைகள் மெதுவாக, அவளுக்கே தெரியாமல், குறுக்காகப் போய் அக்குளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

"அப்பா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கதவைச் சாத்தினீங்களா?"

அவர் தொப்பியின் மடிந்த விளிம்பை நிமிர்த்தினார்.

"சாத்தினீங்களான்னு கேக்கறேன்."

"கொஞ்ச நேரம். பசங்களோட ரெண்டு நிமிஷம் நின்னா என்ன? நான் நின்னவன். எங்கப்பா நின்னவர். நீ நின்னவ. யாரும் செத்துப்போகல."

திருமதி ஓல்ராய்ட் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரையனி அவள் பக்கம் திரும்பி, விலை சொல்வதுபோலச் சொன்னாள். "கடைக் குளிரறையில தொங்கற உடம்புங்களுக்கு எங்க வீட்டுல 'பசங்க'ன்னு பேரு. அழுதா அங்க விட்டுச் சாத்துவாங்க. இருட்டா இருக்கும். உள்ளேருந்து திறக்க ஒரு கைப்பிடி இருக்கு, 'வேணும்னா நீயே திறந்துக்க'ம்பாங்க. அது எட்டாது. அது எந்த உயரத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

வெளியே தோட்டத்தில் ஒரு குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டு வாளியைத் தட்டியது. கெல்சி கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளையை அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பியவள் தான் என்ற நினைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

"மிஸ்டர் ஹார்டேக்கர்" என்றாள் திருமதி ஓல்ராய்ட். "இதை நான் கவுன்சில் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சொல்லியாகணும். சொல்றதா வேண்டாமாங்கறது என் கையில இல்ல. சொல்லப்போறேன்னு உங்க முகத்துக்கு நேரா சொல்றேன்."

"எங்க குடும்ப விஷயத்தைக் கவுன்சில் கேக்குமா?"

"கேக்கும்."

எர்னஸ்ட் எழுந்து போய்விட நினைத்தார். அந்த உயரத்திலிருந்து எழ அவருடைய முழங்கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கெல்சி கையை நீட்டினாள். அதை அவர் தொடவில்லை. முன்னால் சரிந்து, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, இன்னொன்றையும் ஊன்றி, சிறுபிள்ளைகளின் மேசையைப் பிடித்து எழுந்தார். மண்டியிட்ட அந்தச் சில நொடிகளை மூன்று பெண்களும் பார்த்தார்கள். அதுவே அவரை எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுட்டது.

பிரையனி அன்றே பெட்டி கட்டினாள். கெண்டல் நகரில் அவளோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். சாயங்காலத்துக்குள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எர்னஸ்ட் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கடையில் நின்றார். வாடிக்கையாளர் யாரும் இல்லை, ஆனாலும் நின்றார். மேலே அலமாரி திறக்கும் சத்தமும் ஒலிவ்வின் குரலும் கேட்டன.

"ஏன்டி, வாய் வார்த்தைக்குப் போயி வீட்டை விட்டா போவாங்க?"

"ஒலிவ் அத்தை, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மேலே அலமாரிக் கதவு அறைந்து மூடியது.

"கல்லாவுலதான உக்காந்திருந்தீங்க?"

"நான் என்ன பண்றது? அவன் எவன் சொல்லிக் கேக்கறான்?" என்றாள் ஒலிவ். பிறகு படியிறங்கி வரும் காலடிகள் கேட்டன.

பிரையனி பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, ஏமஸைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அவள் நழுவிப் போகவில்லை. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. 'இனிமே செய்யமாட்டேன்'னு சொல்ல வேண்டாம், அதை ஒருதடவை சொல்லிட்டீங்க. செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. இவனுக்குச் செஞ்சதும், எனக்குச் செஞ்சதும். சொன்னீங்கன்னா பெட்டியை இறக்கிடறேன்."

அவள் மெய்யாகவே இறக்கிவிடுவாள் என்பது எர்னஸ்ட்டுக்குத் தெரிந்தது. வெள்ளை ஓடு பதித்த சுவரில் சட்டம் போட்ட இரண்டு படங்கள் தொங்கின. பாட்டனாரும் அப்பாவும், கத்தி தொங்கும் இடுப்பு வாரோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தப்பு என்று ஒரு சொல் சொன்னால் அது தன்னோடு நிற்காது, அந்தச் சுவர் வரைக்கும் போகும். அவருக்கு இன்னொன்றும் தோன்றியது. படத்தில் அவர்கள் கைகளைக் கட்டியிருந்த விதம் அதற்கு முன் ஒருநாளும் அவருக்கு விநோதமாகத் தெரிந்ததில்லை. விரல்கள் வெளியே தெரியவில்லை. எல்லாம் அக்குளுக்குள் இருந்தன.

பிரையனி காத்திருந்தாள். தோழி வெளியே காரை உறுமவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பையனுக்குக் கோட்டுப் பொத்தானைப் போட்டு விடு" என்றார் எர்னஸ்ட். "குளிருது."

தாத்தாவின் வாயிலிருந்து 'குளிருது' என்ற சொல் வந்ததுமே ஏமஸ் அம்மாவின் கையை விட்டான். இரண்டு கைகளையும் குறுக்காகக் கொண்டுபோய் செருகிக்கொண்டு, குளிரறை இருக்கும் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான். அழவில்லை. பிரையனி அவனைப் பின்னாலிருந்து அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

மறுநாள் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். குளிரறையைக் காட்டச் சொன்னாள். எர்னஸ்ட் அவளுக்கு வெப்பமானியைக் காட்டினார், தரையின் சுத்தத்தைக் காட்டினார், உள்ளே இருக்கும் கைப்பிடியைக் காட்டினார். "உள்ள மாட்டிக்கிட்டா யார் வேணும்னாலும் திறக்கலாம்" என்றார்.

"நான் உள்ள நிக்கறேன். கதவைச் சாத்துங்க" என்றாள் அவள்.

எர்னஸ்ட் சாத்தினார். வெளியே நின்றார். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அந்தக் கதவின் கனம் அப்படி. அதற்கு வெளியே தான் எத்தனை முறை சத்தம் இல்லை என்று திருப்தியோடு நின்றிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. கைப்பிடி அசைந்தது. அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கைப்பிடி எனக்கே தோளுக்கு வருது" என்றாள். பிறகு தன் தொடைப் பக்கமாகக் கையைத் தாழ்த்தி, ஒரு பிள்ளையின் உச்சந்தலை இருக்கும் இடத்தில் காற்றில் வைத்துக் காட்டினாள். "பையன் இவ்வளவு இருப்பானா?"

"இருப்பான்" என்றார் எர்னஸ்ட்.

பிள்ளை இப்போது வேறு ஊரில் தாயோடு இருப்பதால், தன் பங்குக்குச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை என்று அவள் சொன்னாள். ஆனால் இனி அவனைத் தாத்தாவிடம் தனியாக விடக் கூடாது என்பதைத் தாய்க்கு எழுத்தில் தெரிவிப்பதாகச் சொன்னாள். தேநீர் வேண்டாம் என்றுவிட்டுப் போனாள்.

அன்று மதியம் ஒலிவ் பின்பக்கம் போனபோது குளிரறைக் கதவு திறந்து கிடந்தது. எர்னஸ்ட் பன்றிகளுக்கு நடுவே நின்று, இறைச்சி கட்டும் நூலை மூன்று புரியாக முறுக்கி உள்பக்கக் கைப்பிடியில் கட்டிக்கொண்டிருந்தார். நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். அது அவருடைய முட்டிக்குச் சற்று மேலே வந்து நின்றது. குனிந்து இழுத்துப் பார்த்தார். கைப்பிடி இறங்கியது.

"இப்ப யாருக்கு இது?" என்றாள் ஒலிவ்.

"ஒண்ணும் இல்ல" என்றார் எர்னஸ்ட்.

பேச்சு ஊருக்குள் எப்படிப் புறப்பட்டது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கல்லாவிலிருந்துதான் புறப்பட்டது. சொந்த மகளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பதைவிட, வெளியார் வந்து பறித்துக்கொண்டு போனார்கள் என்பது ஒலிவ்வுக்குக் கௌரவமாகப் பட்டது. அதற்குத் தோதாகப் பழி போட ஓர் ஆளும் கிடைத்தாள். சனிக்கிழமைக்குள், கடைத்தெருவில் கெல்சி மட்டைப் பார்த்து இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். திருமதி டக்வொர்த் ஆட்டுத் தொடை வாங்க முன்னால் வந்து நின்றாள். அனுதாபம் சொல்வதற்கென்றே வந்திருந்தாள். குரல் கடைசி ஆள் வரை எட்டியது.

"மிஸ்டர் ஹார்டேக்கர், கேள்விப்பட்டேன். பாவம் நீங்க. கவுன்சில்காரங்க வந்து பையனை அள்ளிட்டுப் போயிட்டாங்களாமே? அம்மா இங்க தரை தொடைச்சதை மனசுல வெச்சு, நர்சரியில இருக்கற அந்த மட் வீட்டுப் பொண்ணு கட்டிவிட்ட கதையாமே? இப்படியும் ஒரு பழிவாங்கலா!"

கல்லாவில் ஒலிவ் சில்லறையை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எர்னஸ்ட்டைப் பார்த்தார்கள். எல்லோரும் தலையை ஆட்டக் காத்திருந்தார்கள். எர்னஸ்ட்டும் ஆட்டினால் போதும். பலகையில் இருக்கும் பெயருக்கு ஒரு கீறலும் விழாது.

அவர் ஆட்டுத் தொடையைக் காகிதத்தில் சுற்றி, நூலைப் பற்களில் பிடித்து இழுத்துக் கட்டி முடித்தார். நிமிர்ந்தார்.

"கவுன்சில் யாரையும் கூட்டிட்டுப் போகல. அந்தப் பொண்ணு பொய்யும் சொல்லல. அவன் அம்மாதான் கூட்டிட்டுப் போனா" என்றார்.